பாட்டுக்குச் சாதி வைத்தவர்கள்: பேர்ட்ஸ் குழுவின் ஓர் ஆல்பத்தை முன்வைத்து

எங்கள் வாசிப்பு வட்டத்தில் மாதத்துக்கு ஒருநாள் புத்தகங்களை மூடிவைத்துவிட்டுப் பாட்டு கேட்போம். போன முறை நாங்கள் போட்டது ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’. தி பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு 1968 ஆகஸ்டில் வெளியிட்ட ஆல்பம். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் ஒரு கல்லூரி மாணவி கேட்டுவிட்டார்: “தோழர், இது தொப்பி போட்ட வெள்ளைக்காரன் பாட்டு. கறுப்பின மக்களை மரத்துல கட்டித் தொங்கவிட்டவங்களோட பாட்டு. இதை நாம எதுக்கு உட்கார்ந்து கேக்கணும்?”

நியாயமான கேள்வி. அன்றைக்குப் பதில் சொல்ல நேரம் போதவில்லை, ஆளுக்கு ஒரு பக்கம் பேசிக் கலைந்துவிட்டோம். அதனால்தான் இங்கே எழுதுகிறோம். ‘இது வெள்ளைக்காரன் பாட்டு’ என்று அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னார் அல்லவா, அந்த உறுதியை அவருக்கு யார் கொடுத்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் ஆல்பத்தைப் பற்றி. பேர்ட்ஸ் லாஸ் ஏஞ்சலீஸ் குழு. 1965இல் பாப் டிலனின் பாட்டுகளை மின்கிட்டாரில் வாசித்துப் பெரும் புகழ் பெற்றவர்கள். ரோஜர் மெக்வின் என்ற கிட்டார்காரர்தான் தலை. 1968 தொடக்கத்தில் குழுவில் எஞ்சியிருந்தவர்கள் அவரும் பேஸ் கிட்டார் வாசித்த கிறிஸ் ஹில்மனும் மட்டும்தான். ஹில்மனின் உறவுக்காரர் கெவின் கெல்லி டிரம்ஸுக்கு வந்தார். அத்தோடு 21 வயது நிறைந்து சில மாதங்களே ஆகியிருந்த கிராம் பார்சன்ஸ் வந்து சேர்ந்தார். அமெரிக்க இசையின் மொத்த வரலாற்றையும் ஓர் இரட்டை ஆல்பத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது மெக்வினின் திட்டம். பார்சன்ஸ் அதைக் கலைத்துப் போட்டார். கன்ட்ரி இசை மட்டும் போதும் என்று பிடிவாதம் பிடித்து, ஹில்மனையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மார்ச்சில் நாஷ்வில் நகரிலும் பிறகு ஏப்ரல், மே மாதங்களில் ஹாலிவுட்டிலும் ஒலிப்பதிவு நடந்தது. பதினொரு பாட்டுகள், அரைமணி நேரத்துக்குச் சற்றே அதிகம். விற்பனை மோசம். பில்போர்டு பட்டியலில் 77ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஆனால் இன்று ‘கன்ட்ரி ராக்’ என்று சொல்லப்படும் வகையின் தாய்த்தட்டு எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். ஈகிள்ஸ் குழு கோடிகளில் சம்பாதித்தது இந்தப் பாதையில் நடந்துதான்.

அந்தக் காலத்தில் ராக் கேட்கும் நகரத்து இளைஞனுக்குக் கன்ட்ரி என்றால் பட்டிக்காட்டுப் பாட்டு, போரை ஆதரிக்கும் பிற்போக்காளன் பாட்டு. கன்ட்ரி கேட்பவனுக்கு ராக் என்றால் முடி வளர்த்த போதைக்காரன் பாட்டு. இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று முகம் சுளித்துப் பார்த்த நேரத்தில் நடுவே நின்று வாசித்த ஆல்பம் இது. மின்கிட்டாரின் இரைச்சல் இல்லை. முன்னால் நிற்பது பெடல் ஸ்டீல் கிட்டார். கிட்டாரைப் படுக்கவைத்து, கம்பிகளின்மேல் எஃகுத் துண்டை நகர்த்தி, காலால் மிதியை அழுத்தி ஸ்வரத்தை வளைக்கும் கருவி அது. ஒருவர் அழுதுகொண்டே இழுத்துப் பேசுவதைப் போன்ற அந்த ஒலியைக் கேட்டதும் ‘ஆ, இது கன்ட்ரி’ என்று யாருக்கும் தெரிந்துவிடும். நாஷ்வில்லில் லாயிட் கிரீனும் ஹாலிவுட்டில் ஜே டீ மேனஸும் அதை வாசித்தார்கள். ஜான் ஹார்ட்ஃபோர்டின் பேஞ்சோவும் பிடிலும், ஏர்ல் பாலின் பியானோவும் கூட வருகின்றன. டிரம்ஸ் அடக்கி வாசிக்கிறது.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். இந்த ஆல்பத்தில் ‘சுத்தமான வெள்ளை’ ஒலி என்று எதை எடுப்பது? பேஞ்சோவை எடுப்போமா? சுரைக்குடுவையில் தோல் போர்த்திய மேற்கு ஆப்பிரிக்க நரம்புக் கருவிகளின் நினைவை, அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் மனதில் சுமந்து வந்து கரீபியத் தீவுகளிலும் அமெரிக்கத் தென்பகுதியிலும் மறுபடி செய்த கருவி அது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கேலி செய்த வெள்ளை மேடைக்காரர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். நூறு ஆண்டு கழிந்ததும் அது ‘மலைநாட்டு வெள்ளையர் மரபு’ ஆகிவிட்டது. சரி, ஸ்டீல் கிட்டார்? கம்பிமேல் எஃகை நகர்த்தி வாசிக்கும் முறை ஹவாயில் பிறந்தது. ஜோசப் கெகூகு என்ற ஹவாய் மண்ணின் மைந்தர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை உருவாக்கினார் என்பார்கள். 1898இல் அமெரிக்கா அந்தத் தீவுகளை விழுங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அவர்களின் கிட்டார் ஒலி அமெரிக்கா முழுவதும் மோகமாகப் பரவி, பிறகு கன்ட்ரியின் முத்திரையாகவே மாறிப்போனது. நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள், ஒலியையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆல்பத்தில் ஹில்மன் பாடும் ‘ஐ ஆம் எ பில்கிரிம்’ கறுப்பின நற்செய்திக் குழுக்களும் வெள்ளையர்களும் பல பத்தாண்டுகளாகப் பாடிவந்த மரபுப் பாட்டு. கன்ட்ரியின் பெரும் நட்சத்திரமாகக் கொண்டாடப்படும் ஹேங்க் வில்லியம்ஸ் சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். கன்ட்ரியின் முதல் குடும்பம் என்று சொல்லப்படும் கார்ட்டர் குடும்பத்தின் தலைவர் ஏ.பி. கார்ட்டர் பாட்டு சேகரிக்க ஊர் ஊராகப் போனபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்த கறுப்பினக் கலைஞர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனதில் பிடித்துக்கொண்டு வருவார். இசைத்தட்டில் ஒரு பெயர்தான் அச்சானது. அது ரிடிலுடையது அல்ல.

அப்படியென்றால் கலந்தே பிறந்த ஓர் இசை எப்படி இரண்டாகப் பிரிந்தது? இதற்குத் தேதியும் ஆளும் உண்டு, தோழர்களே. 1920இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் தட்டு எதிர்பாராமல் விற்றுத் தீர்ந்தது. கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்று இசைக் கம்பெனிகள் அப்போதுதான் கண்டுபிடித்தன. 1923இல் ஜார்ஜியாவின் பிடில்காரர் ஜான் கார்சனின் தட்டு விற்றது. தெற்கத்தி ஏழை வெள்ளையரும் வாங்குவார்கள் என்று தெரிந்தது. ஓகே கம்பெனியின் ரால்ஃப் பியரும் அவரைப் போன்றவர்களும் இரண்டு பட்டியல் போட்டார்கள். கறுப்பர் பாடினால் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, அதாவது இனத் தட்டுகள். வெள்ளையர் பாடினால் ‘ஹில்பில்லி’, அதாவது காட்டான் பாட்டு. ஒரே ஊரில், ஒரே திருமணத்தில், ஒரே மெட்டை வாசித்த இரண்டு பேர் இரண்டு பட்டியலில் போய் விழுந்தார்கள். கறுப்பினக் கலைஞர் ஒருவர் பிடிலோடு வந்தால், ‘உங்களிடம் புளூஸ் இருக்கிறதா? அதை வாசியுங்கள்’ என்று திருப்பிவிட்டார்கள். பிடில் வாசித்த கறுப்பர்கள் எத்தனையோ பேர் இருந்தும் தட்டில் அவர்கள் இல்லாமல் போனது இப்படித்தான். 1949இல் பில்போர்டு பத்திரிகை பெயர்களைக் கௌரவமாக்கியது. ‘ரேஸ்’ என்பது ‘ரிதம் அண்ட் புளூஸ்’ ஆனது, ‘ஹில்பில்லி’ என்பது ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ ஆனது. சுவர் மட்டும் அப்படியே நின்றது.

பறையை அடிப்பவரின் பிறப்பைப் பார்த்து அதைச் சாவு மேளம் ஆக்கிய ஊரில் பிறந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள உரை எழுத வேண்டியதில்லை. ஒரு ஒலிக்கு என்ன இடம் என்பதை அந்த ஒலி தீர்மானிப்பதில்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ‘ஹில்பில்லி’ என்பது ஏழை வெள்ளையருக்கும் வசைதான். பருத்தி ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்து ஓய்ந்தவர்களின் பாட்டு அது. இந்த ஆல்பத்தில் வரும் ‘லைஃப் இன் பிரிசன்’ பாட்டை எழுதிய மெர்ல் ஹாகர்ட், சரக்கு ரயில் பெட்டியை வீடாக மாற்றிக்கொண்ட குடும்பத்தில் வளர்ந்தவர். சான் குவென்டின் சிறையில் உண்மையிலேயே கிடந்தவர். அதைப் பாடும் கிராம் பார்சன்ஸோ ஃபுளோரிடாவின் பெரிய ஆரஞ்சுத் தோட்டக் குடும்பத்து வாரிசு. ஹார்வர்டில் கொஞ்ச நாள் படித்துவிட்டு, குடும்பச் சொத்திலிருந்து வந்த பணத்தில் இசையைத் தேடி அலைந்தவர். ஆரஞ்சு பறித்த கைகள் யாருடையவை என்பதைத் தென்மாநிலங்களின் வரலாறு தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் குரல் என்னவோ பொய் சொல்லவில்லை. ‘ஹிக்கரி விண்ட்’ என்ற தன் பாட்டை அவர் பாடும்போது வீடிழந்த ஒருவனின் குரல் கேட்கிறது. பன்னிரண்டு வயதில் தந்தையைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர் அவர். பணக்காரனின் துக்கமும் துக்கம்தான், அதை நாங்கள் மறுக்கவில்லை.

மெக்வின் பாடும் ‘தி கிறிஸ்டியன் லைஃப்’ வேறு கதை. லூவின் சகோதரர்கள் முழு நம்பிக்கையோடு பாடிய பக்திப் பாட்டை, செயற்கையான தெற்கத்தி உச்சரிப்பில் இழுத்து இழுத்துப் பாடுகிறார். எங்கள் காதுக்கு அது கேலியாகத்தான் கேட்கிறது. நகரத்துக்காரன் மேடையில் நம் சேரித் தமிழைப் பேசிக் காட்டிக் கைதட்டு வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். உண்மையில் அந்தப் பாட்டை முதலில் பாடிப் பதிவு செய்தவர் பார்சன்ஸ். வேறொரு கம்பெனியோடு அவருக்கு இருந்த ஒப்பந்தச் சிக்கலால் சில பாட்டுகளில் அவர் குரலை எடுத்துவிட்டு மெக்வின் மறுபடி பாடினார். பார்சன்ஸ் குரலில் உள்ள பதிவுகள் 1990இல்தான் வெளியே வந்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

இந்த ஆல்பத்தில் நீங்கள் நின்று கேட்க வேண்டிய பாட்டு ‘யூ டோன்ட் மிஸ் யுவர் வாட்டர்’. ஸ்டீல் கிட்டாரும் பியானோவும் மூன்று மூன்றாக அசையும் தாளமுமாக, கன்ட்ரி என்றால் இதுதான் என்று தோன்றும். எழுதியவர் வில்லியம் பெல். மெம்ஃபிஸ் நகரத்துக் கறுப்பினப் பாடகர். 1961இல் ஸ்டாக்ஸ் என்ற கம்பெனிக்காக அவர் பாடி வெளியான சோல் பாட்டு இது. ஓடிஸ் ரெடிங் 1965இல் பாடியிருக்கிறார். பெல் பாடியதில் தேவாலயப் பியானோவும் ஊதுகருவிகளும் இருக்கும். பேர்ட்ஸ் அவற்றை எடுத்துவிட்டு ஸ்டீல் கிட்டாரை வைத்தார்கள். வேறு என்ன மாற்றினார்கள்? மெட்டு அதே மெட்டு. வார்த்தை அதே வார்த்தை. அந்த மூன்றசைவுத் தாளம் கறுப்பர் தேவாலயத்திலும் இருந்தது, வெள்ளையர் நடனக் கூடத்திலும் இருந்தது. மாறியது பாடுகிறவரின் தோல். அவ்வளவுதான், பாட்டு ஊரின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டது. பெல்லின் தட்டை வாசலிலேயே நிறுத்திவைத்த கன்ட்ரிக்குள், அவர் பாட்டு நடுக்கூடம் வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டது.

பேர்ட்ஸ் இதைத் திருடினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பாடலாசிரியர் பெயராக பெல்லின் பெயர் ஒழுங்காகவே அச்சாகியிருக்கிறது. லெஸ்லி ரிடிலுக்குக் கிடைக்காத நியாயம் அது. பார்சன்ஸ் அடுத்து ஹில்மனோடு சேர்ந்து தொடங்கிய ஃபிளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழுவின் 1969 ஆல்பத்திலும் இரண்டு சோல் பாட்டுகள் உண்டு. சோலும் கன்ட்ரியும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது. சுவரைத் தாண்டிப் போய்வரும் உரிமை யாருக்கு இருந்தது? பேர்ட்ஸ் ராக்கிலிருந்து கன்ட்ரிக்கு வந்தார்கள், பிடிக்கவில்லையென்றால் திரும்பிப் போனார்கள். அதை ‘பரிசோதனை’ என்று எழுதினார்கள். அதே காலத்தில் கன்ட்ரி பாட வந்த கறுப்பினப் பாடகர் சார்லி பிரைடின் முதல் தட்டுகளை 1966இல் ஆர்.சி.ஏ. கம்பெனி அவர் புகைப்படம் இல்லாமல்தான் வெளியிட்டது. முகம் தெரிந்தால் வானொலிக்காரன் போடமாட்டான் என்ற பயம். லிண்டா மார்ட்டெல் என்ற கறுப்பினப் பெண் 1969இல் கன்ட்ரி பாட வந்தபோது அவர் தட்டை வெளியிட்ட கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? ‘பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்’. அடிமைத் தோட்டத்தின் பெயரையே பலகையில் எழுதி வைத்திருந்தார்கள்.

1968 என்ற ஆண்டை மறந்துவிட்டு இந்த ஆல்பத்தைக் கேட்க முடியாது. பெல்லின் ஊரான மெம்ஃபிஸில் அந்த ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, மழைக்கு ஒதுங்கிக் குப்பை வண்டியின் பின்பக்கம் ஏறிய இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் அதன் அழுத்தும் எந்திரத்தில் சிக்கி நசுங்கிச் செத்தார்கள். எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர். பதினோரு நாள் கழித்துச் சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். மலக்குழியில் செத்தவர்களின் பெயர்களைச் சுவரொட்டியில் எழுதி எழுதிக் கைமரத்த நமக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போது வேறு நாடு என்று தோன்றுமா? அவர்களுக்குத் துணை நிற்கத்தான் மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸ் போனார். ஏப்ரல் 4ஆம் தேதி லொரெய்ன் விடுதியின் மாடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த விடுதி ஸ்டாக்ஸ் இசைக்காரர்களின் தங்குமிடம். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டு எழுத அந்த நகரத்தில் இருந்த சில இடங்களில் ஒன்று. பேர்ட்ஸ் நாஷ்வில்லில் பாதி ஆல்பத்தை முடித்துவிட்டு மீதிக்காக ஹாலிவுட்டுக்குத் திரும்பிய வசந்தம் அது. ஆல்பத்தில் இதன் நிழல்கூட இல்லை. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்பதல்ல. அமைதியான பழைய கிராமம் ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு அதற்குள் போய் ஒளிந்துகொள்வதுதான் இந்த ஆல்பத்தின் அழகு. அதன் குறையும் அதுவேதான்.

கிங் கொல்லப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச்சில், பேர்ட்ஸ் நாஷ்வில்லின் ரைமன் அரங்கத்தில் கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் ஏறினார்கள். வாராவாரம் டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாகும், கன்ட்ரியின் கருவறை என்று சொல்லத்தக்க மேடை. ராக் குழு ஒன்றுக்கு அங்கே இடம் கிடைத்ததே அபூர்வம். முடியைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டுதான் போனார்கள். இருந்தும் கூட்டம் கேலி செய்தது, பறவைக் குழு என்பதால் பறவை மாதிரிக் கத்தியது. முதலில் ஹாகர்டின் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். அடுத்ததும் ஹாகர்ட் பாட்டுதான் என்று அறிவித்தாகிவிட்டது. பார்சன்ஸ் அதை மாற்றி, தன் பாட்டிக்கு என்று சொல்லி ‘ஹிக்கரி விண்ட்’ பாடிவிட்டார். நிர்வாகம் கொதித்தது. ராக் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த நிகழ்வைப் பெரிய தியாகக் கதைபோல எழுதுவார்கள். கன்ட்ரிக் கோயில் இளைஞர்களை ஏற்க மறுத்ததாம்.

அதே மேடையிலிருந்து உண்மையிலேயே வெளியேற்றப்பட்ட ஒருவர் அன்று அதே நாஷ்வில்லில் ஷூ துடைத்துக்கொண்டிருந்தார். டெஃபோர்டு பெய்லி. 1899இல் டென்னசியில் பிறந்தவர். அடிமையாக இருந்தவரின் பேரன். சிறுவயதில் போலியோ தாக்கியதால் ஐந்தடிக்கும் குறைந்த உயரம். மவுத் ஆர்கனில் ரயில் வண்டியை ஓடவைப்பார்: தூரத்தில் கூவுவது, பாலத்தில் ஏறுவது, கடந்து போய்த் தேய்வது எல்லாம். 1927 டிசம்பரில் அவர் வாசித்த ரயில் பாட்டுக்குப் பின்னால் பேசும்போதுதான் அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்ற பெயரையே முதலில் சொன்னார். அந்த மேடையின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர் பெய்லி. அவரைக் காட்டித்தான் புதிய வெள்ளைக் கலைஞர்களுக்குக் கூட்டம் சேர்த்தார்கள். சுற்றுப்பயணம் போனால் கூட வந்தவர்கள் விடுதியில் தங்குவார்கள், இவருக்குப் படுக்க இடம் தேட வேண்டும், சாப்பிட இடம் தேட வேண்டும். 1941இல் உரிமத் தகராறு ஒன்றைச் சாக்காக வைத்து வேலையை விட்டு நீக்கினார்கள். பின்னாளில் ஹே எழுதிய புத்தகத்தில் பெய்லியைக் குழுவின் அதிர்ஷ்டப் பொம்மை என்று வருணித்தார். சோம்பேறி, புதுப் பாட்டு கற்றுக்கொள்ளவில்லை என்றும் எழுதினார். பதினைந்து ஆண்டுகள் வாராவாரம் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர் சோம்பேறியாம். இந்தச் சொல்லை நம் தாத்தாக்களைப் பற்றிப் பண்ணையார் வாயிலிருந்து எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! பெய்லி அதன்பின் ஷூ பாலிஷ் கடை வைத்துத்தான் பிழைத்தார். 1982இல் இறந்தார். கன்ட்ரி இசையின் புகழ்மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2005இல்.

பேர்ட்ஸைக் கேலி செய்த கூட்டத்துக்கு முடிதான் பிரச்சினை. முடியை வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது தென்னாப்பிரிக்கா. எங்கள் வட்டத்தில் அன்று சண்டை மூண்டதும் இதில்தான். 1968 ஜூலையில் பேர்ட்ஸ் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கத்தில் வாசித்தார்கள். அங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு விமானம். நிறவெறி ஆட்சியின் உச்சக் காலம், மண்டேலா ராபன் தீவில் சிறையில் இருக்கிறார். பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கம் அங்கே வாசிக்கக்கூடாது என்று 1960களின் தொடக்கத்திலேயே தன் உறுப்பினர்களைத் தடுத்திருந்தது. 1964இல் கலப்பு அவைக்குப் பாடியதற்காக டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு என்ற பாடகியை அந்த அரசு நாட்டைவிட்டே வெளியேற்றியிருந்தது. ஆகவே தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. லண்டனில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் பார்சன்ஸிடம் அந்த நாட்டின் நிலையை எடுத்துச் சொன்னார். பார்சன்ஸ் விமானம் ஏற மறுத்து, ஆல்பம் வெளிவரும் முன்பே குழுவைவிட்டு விலகினார். மற்றவர்கள் போனார்கள். அவர் இடத்தில் வாசித்தது, சாமான் தூக்கும் பணியைக் கவனித்துவந்த கார்லோஸ் பெர்னல்.

அவையில் நிறப்பிரிவினை இருக்காது என்று ஏற்பாட்டாளர்கள் வாக்குக் கொடுத்ததாக மெக்வின் சொன்னார். போய்ப் பார்த்தால் பிரிவினைதான். பேட்டிகளில் அவர் நிறவெறியைக் கண்டித்தார், பத்திரிகைகள் பாய்ந்தன, மிரட்டல்கள் வந்தன, சுற்றுப்பயணம் சின்னாபின்னமானது. தன் முடிவுக்கு அவர் இன்னொரு காரணமும் சொன்னார்: போய் நேரில் பார் என்று மிரியம் மகேபாவே தன்னிடம் முன்பு சொல்லியிருந்தாராம். மகேபா யார்? 1960இல் தாயின் இறுதிச்சடங்குக்குக்கூடப் போகமுடியாமல் சொந்த நாடு கடவுச்சீட்டை ரத்து செய்த பாடகி. 1963இல் ஐ.நா. குழுவின் முன் நிறவெறிக்கு எதிராகச் சாட்சியம் சொன்னவர், அதன்பின் அவர் தட்டுகளே அங்கே தடை செய்யப்பட்டன. ஒடுக்கப்பட்டவர் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையைத் தன் வசதிக்குக் குடையாகப் பிடித்துக்கொள்வது நமக்குப் பழக்கமான காட்சிதான்.

பார்சன்ஸ் மட்டும் சுத்தமா? ஹில்மன் பின்னாட்களில் பலமுறை சொன்னார்: கொள்கையெல்லாம் சாக்கு, ரோலிங் ஸ்டோன்ஸ் நண்பர்களோடு சுற்றவேண்டும் என்பதுதான் அவனுக்கு ஆசை. இருக்கலாம். எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் இதைக் கேட்டதும் ‘அப்படியானால் அந்த மறுப்புக்கு மதிப்பே இல்லை’ என்றார்கள். மீதிப் பேர், எங்களையும் சேர்த்து, ஒப்புக்கொள்ளவில்லை. ஆதரவாக நிற்கிறவர் ஒவ்வொருவரின் மனதையும் அறுத்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வோம் என்றால் நம் கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள், நாமும் தேறமாட்டோம். அந்த விமானத்தில் ஓர் இருக்கை காலியாகப் போனது. நிறவெறிக்கு முன்னால் வாசிக்காத ஒரு கிட்டார்காரர் இருந்தார். அது நடந்த செயல். நண்பனோடு சுற்றும் ஆசையும் மனசாட்சியும் ஒரே ஆளுக்குள் ஒரே நாளில் இருக்கக்கூடாதா என்ன?

ஆனால் பார்சன்ஸை வீரனாக்கவும் நாங்கள் தயாரில்லை. காரணம் அவர் மனதில் இல்லை, மேடையில் இருக்கிறது. அவர் போகவில்லை, நிகழ்ச்சி நடந்தது. சாமான் பார்த்த ஆளைக் கிட்டாரோடு நிறுத்தி, டிக்கெட் விற்று, பிரித்து உட்காரவைத்த அவைக்கு முன்னால் கன்ட்ரி வாசித்தார்கள். தனி மனிதன் விலகினால் அவன் இடத்தை நிரப்ப ஆள் இருக்கும். நிரப்ப ஆளில்லாமல் செய்வதற்குச் சங்கம் வேண்டும். கலை, கல்வி, விளையாட்டு உறவுகளை நிறுத்துங்கள் என்று ஐ.நா. பொதுச்சபை எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி. அதற்கும் பிறகு எத்தனையோ பேர் சன் சிட்டி விடுதியில் காசுக்குப் பாடிவிட்டு வந்தார்கள். 1985இல் கலைஞர்கள் கூட்டாக ‘அங்கே பாடமாட்டோம்’ என்று ஒரு தட்டே வெளியிட வேண்டியிருந்தது. (ஒரு கசப்பான விஷயம்: தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை 1946இலேயே முதலில் முறித்துக்கொண்ட நாடு இந்தியா. அங்கே தனி வாசல் தவறு என்று தெரிந்த தேசத்துக்கு இங்கே தேநீர்க் கடையில் தனிக் குவளை பல காலம் கண்ணிலேயே படவில்லை. அதே 1946இல்தான் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்கு அவர்கள் கொடுக்கும் மனுவின் நகலைக் கேட்டார். ‘இதை நாம எதுக்கு’ என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை, தோழர்.)

சுவர் இப்போது இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் பாட்டைக் கன்ட்ரிப் பட்டியலிலிருந்து பில்போர்டு எடுத்துவிட்டது. போதுமான அளவு கன்ட்ரி இல்லையாம். 2024இல் பியான்சே ‘கவ்பாய் கார்ட்டர்’ ஆல்பத்தில் லிண்டா மார்ட்டெலை அழைத்து வந்து பேசவைத்தார். அடுத்த ஆண்டு சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி விருது, முதன்முறையாக ஒரு கறுப்பினக் கலைஞருக்குப் போனது. மார்ட்டெல் மேடையேறி 55 ஆண்டுகள் கழித்து.

‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ நல்ல ஆல்பம். இதைச் சொல்ல எங்களுக்குத் தயக்கமில்லை. லாயிட் கிரீனின் ஸ்டீல் கிட்டார் ‘யூ எய்ன்ட் கோயின் நோவேர்’ பாட்டில் நுழையும் அந்த முதல் சில நொடிகளுக்காகவே திரும்பத் திரும்பப் போடலாம். ஒன்றை விரும்பிக்கொண்டே அதன்மேல் வழக்கும் போடலாம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் மூன்று பதிவுகளை அடுத்தடுத்துப் போடுகிறோம். முதலில் வில்லியம் பெல். பிறகு அதே பாட்டை பேர்ட்ஸ். கடைசியாக டெஃபோர்டு பெய்லியின் ரயில். கேள்வி கேட்ட மாணவி வருவதாகச் சொல்லியிருக்கிறார், தன் தம்பியையும் கூட்டிவருகிறாராம். அவனுக்கு மவுத் ஆர்கன் வாசிக்கத் தெரியும். அந்த ரயிலை அவன் எந்தப் பாலம்வரை கொண்டுபோகிறான் பார்ப்போம்.